மறு அளவீட்டு மனு தந்த அருணாதேவி அம்மையாருக்கு

வரி கேட்டுப் போன வாசலெல்லாம் வசவை வாங்கிக்கொண்டு வணக்கத்தைத் திருப்பித் தந்த பெருந்தகையே! கணக்கில் கண்டிப்பும் கண்ணில் கனிவும் குறையாத கண்காணிப்பாளரே! கீழ்பென்னாத்தூர் நிலக்கடலைக் கொல்லைகளின் நடுவே பிறந்து, முப்பத்துநான்கு ஆண்டுகள் இந்நகருக்காக நடந்து நடந்து கால் தேய்ந்த அருணாதேவி அம்மையாரே! பணி ஓய்வு நாளில் தங்களை வாழ்த்தக் கூடியிருக்கும் இந்த அவையில் பாதிப்பேருக்கு, தை மாதத்தில் நடந்தது அரைகுறையாகத்தான் தெரியும். ஆகவே குணங்களை அடுக்குவதை விட்டு, தங்களுக்கு நேர்ந்ததைத் தாங்கள் எங்களிடம் சொன்னபடியே அவையோருக்குச் சொல்கிறோம். பொறுத்தருள்க.

அவையோரே, நகரங்களுக்கு நிதி பகிர்ந்தளிக்கும் குழுவொன்று சென்னையிலிருந்து வருவதாகக் கடிதம் வந்தது. நம் ஊர் எதை முதலில் கேட்பது என்று வரிசைப்படுத்தும் பொறுப்பு அருணாதேவியிடம் வந்து சேர்ந்தது. அலங்கார வளைவு, வண்ண விளக்கு என்று ஆளுக்கொன்று எழுதியதில் பதினாறு கோரிக்கைகள் சேர்ந்தன. பதினான்கை அவர் அடித்துவிட்டார். மிஞ்சியவை இரண்டு. குடியிருப்போர் தலையை மட்டும் எண்ணாமல், பௌர்ணமிதோறும் மலையைச் சுற்ற வரும் கூட்டத்தையும் எண்ணி நிதி தர வேண்டும் என்பது ஒன்று. அறைகளை வாடகைக்கு விடும் வீடுகளுக்குத் தனி வரி விதித்து, அதைத் துப்புரவுக்கே செலவிட அனுமதி வேண்டும் என்பது மற்றொன்று. பௌர்ணமிக்கு மறுநாள் கிரிவலப் பாதையைப் பெருக்கும் பச்சையம்மாளிடம் முன்பே கேட்டிருந்தார். இன்னும் பத்துப் பேர் கிடைத்தால் பொழுது சாய்வதற்குள் அடி அண்ணாமலையைத் தாண்டிவிடலாம் என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தார்.

குழுவிடம் ஆதாரம் காட்ட வேண்டுமே என்று, ரமணாசிரமம் பகுதியில் ஒரு தெருவை வீடு வீடாக அளக்கச் சொன்னார். அது அவருடைய சொந்தத் தெரு. உதவியாளர் நந்தினி பட்டியலை மேசையில் வைத்துவிட்டுத் தலை நிமிராமல் நின்றார். மாடியில் அறைகளை வாடகைக்கு விட்டுக்கொண்டு, வெறும் குடியிருப்பென்று வரி கட்டிவந்த வீடுகள் பதினேழு. பதினோராவது பெயர் அருணாதேவி.

அவர் வீட்டு மாடியில் நான்கு அறைகளை அவருடைய கணவர் பரசுராமன் ஆறாண்டுக்கு முன் கட்டி வாடகைக்கு விட்டார். அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தாயிற்று என்று மனைவியிடம் சொன்னார். வரியையும் அவரே கட்டிவந்தார். அருணாதேவி ஒருநாளும் சரிபார்க்கவில்லை. அன்று தன் பெயரை மூன்று முறை படித்தார். ஊராரைப் பார்த்துத் தான் கேட்ட கேள்வியெல்லாம் ஒன்றுவிடாமல் காதில் விழுந்ததாம்.

வீட்டுக்குப் போய்க் கேட்டார். பரசுராமன் மறுக்கவில்லை. "தெருவுல யாரு ஒழுங்கா எழுதிக் குடுத்திருக்காங்க? இன்னும் மூணு மாசம்தான். பென்ஷன் கைக்கு வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். அவர் பயந்ததில் பொருளிருந்தது. ஓய்வு பெறும் நேரத்தில் ஒருவர்மீது குற்றச்சாட்டு எழுந்தால் ஓய்வூதியமே நின்றுபோகலாம்.

குழு வந்தது. வீட்டு உரிமையாளர் சங்கத்தாரோடு பரசுராமனும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் இரண்டு கோரிக்கைகளையும் பார்த்த குழுத்தலைவர், இருக்கிற வரியையே சரியாக வாங்காதவர்கள் புது வரிக்கு அனுமதி கேட்பதென்ன நியாயம் என்று கேட்டார். நாங்கள் குனிந்து கோப்புகளைப் புரட்டினோம். அருணாதேவி எழுந்தார்.

"நாங்க அளந்த தெருவுல பதினேழு வீடு அப்படி இருக்குங்க ஐயா. அதுல ஒண்ணு என் பேர்ல இருக்கு. இன்னைக்குக் காலையில மறு அளவீட்டுக்கு மனு குடுத்துட்டுத்தான் வந்தேன்."

திடுக்கிட்டுப் போனோம். நந்தினியின் கையிலிருந்த கோப்பு கீழே விழுந்தது. எடுக்க அவருக்குத் தோன்றவில்லை. பரசுராமன் யாரையும் பாராமல் வெளியே போனார். குழுத்தலைவர் இரண்டு கோரிக்கைகளையும் முதலிலிருந்து படிக்கச் சொன்னார்.

விளக்கம் கேட்டு அருணாதேவிக்கு மெமோ வந்தது. ஆறாண்டு நிலுவையைக் கட்டினார். பரசுராமன் பதினெட்டு நாள் அவரோடு பேசவில்லை. பத்தொன்பதாம் நாள், நான்கு அறைச் சாவிகளோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். "வந்து அளந்துக்கோம்மா. அவங்க செஞ்சது சரிதான்" என்று நந்தினியிடம் சொல்லிவிட்டு நின்றார். பௌர்ணமி நாட்களுக்கு முப்பது பணியாளர்களை அமர்த்த இப்போது நிதி வந்திருக்கிறது. தனி வரிக்கு இன்னும் அனுமதி வரவில்லை. மெமோ சென்ற வெள்ளிக்கிழமைதான் முடித்துவைக்கப்பட்டது; அதுவரை இந்த விழாவுக்கு நாள் குறிக்கவே எங்களுக்குத் துணிவில்லை.

அம்மையாரே! நிமிர்ந்த நடையும் நிறைந்த நலமும் நீங்காத நகையும் பெற்று, பரசுராமன் ஐயாவோடு பல்லாண்டு இனிதிருக்க எந்நாளும் வேண்டுவோம். ஒன்றை மட்டும் தங்களிடம் இதுவரை மறைத்துவிட்டோம். குழு வந்த அன்று வீடு திரும்பியதும் நாங்கள் ஒவ்வொருவரும் எங்கள் வரிச்சீட்டை எடுத்துப் பார்த்தோம். தங்கள் மேசையில் கொண்டுவந்து வைக்க முகமில்லாமல், நேற்றுத் தாங்கள் பொறுப்பை ஒப்படைத்துப் போன பிறகு, மறு அளவீட்டு மனுக்களைக் கொடுத்தோம். இதில் கையொப்பமிடும் இருபத்திரண்டு பேரில் ஒன்பது பேர்.

தங்கள் முன் தலைகுனிந்தும் தங்களால் தலைநிமிர்ந்தும் நிற்கும்,
வருவாய்ப் பிரிவுப் பணியாளர்கள்,
திருவண்ணாமலை.