முக்காலி என்னுடையது

இன்ஸ்பெக்டர் ஐயா, கிள்ளான் சாலைப் பள்ளத்தில் கிடைத்த முக்காலி என் கார் பட்டறையுடையதுதான். உங்கள் வேலை முடிந்ததும் திருப்பித் தந்தால் உபகாரமாக இருக்கும். வருகிறவர்களை உட்காரவைக்க என்னிடம் அது ஒன்றுதான் இருக்கிறது.

அது ரபேலின் காருக்குள் எப்படிப் போனது என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். மறைக்க என்ன இருக்கிறது?

ரபேல் ரயில்வே கிராணி. எழுதுவது ஆபீஸ் காகிதம்தான்; ஆனால் மெயில் வண்டியையே தோளில் தூக்கிக்கொண்டு நடப்பதாக நினைப்பு. பழைய கார் ஒன்று வாங்கினான். அதற்கு வேகம் போதவில்லையாம்.

"டொமினிக், மெயில் எஞ்சின் சக்கரத்தப் பாத்திருக்கியா லா? ஆள் உயரம். கூட்ஸ் எஞ்சினுக்குக் குட்டச் சக்கரம், அதான் நகந்து நகந்து போவுது. என் காருக்கும் பெருசா மாட்டு."

படித்தவர் சொன்னால் மறுக்கலாமா? பழைய லோரியில் கழற்றிய சக்கரங்கள் கிடந்தன. மாட்டினேன். கார் கொக்கு மாதிரி நின்றது. எங்கள் பிரிக்பீல்ட்ஸ் பேட்டை முழுக்க வேடிக்கை பார்த்தார்கள். அவனுக்கு வாயெல்லாம் பல்.

மறுநாளே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். "கெளம்பவே மாட்டேங்குது டொமினிக். பறக்கும்னு பாத்தேன்."

"சக்கரம் பெருசு, எஞ்சின் அதேதானே கிராணியாரே. சுத்திவிட நேரம் எடுக்கத்தான் செய்யும். வேகம் பிடிச்சிட்டா வளைவுலயும் விட்றாதீங்க. விட்டா மறுபடி பிடிக்காது. மீட்டர் முள்ளு முப்பதத் தாண்டாமப் பாத்துக்குங்க, போதும்."

நல்ல புத்திமதிதான். சில்லறை விஷயங்கள் இரண்டொன்றை மட்டும் சொல்லவில்லை. மீட்டர் பழைய சக்கரத்தின் கணக்கில் ஓடுகிறது. முள் முப்பது காட்டும்போது கார் முப்பத்தேழில் போய்க்கொண்டிருக்கும். உயரம் கூடிய கார் வளைவில் சாயும். பிரேக்கோ சின்னச் சக்கரத்துக்கென்று செய்தது. பெரியதைப் பிடித்து நிறுத்தத் திணறும். மெயில் எஞ்சினுக்காவது தண்டவாளம் இருக்கிறது. இதெல்லாம் ரயில்வேக்காரருக்குத் தெரியாதா என்ன?

அவன்மேல் எனக்கு வஞ்சமில்லை ஐயா. அவன் மனைவி உர்சுலாவை முன்பு நான் பெண் கேட்டது உண்மை. அவள் அப்பா என் கிரீஸ் கையைப் பார்த்து முகம் சுளித்ததும், கிராணிக்குக் கட்டிக்கொடுத்ததும் உண்மை. அழுதேன். அவ்வளவுதான். கார் என்றாலே அவளுக்குத் தலைசுற்றும், ஏறமாட்டாள். ஆகையால் அவன் தனியாகக் கிள்ளானுக்குப் போகும் நாளுக்காக நிம்மதியாகக் காத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் காற்றடிக்க வந்தான். கிள்ளானில் கல்யாணமாம். உர்சுலாவும் உடன் வந்திருந்தாள், காரைத் தொடர்ந்து நடந்தே. இந்த ஒருநாள் மட்டும் ஏறச் சம்மதித்திருந்தாளாம். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு காரின் படியைப் பார்த்து நின்றாள். கால் எட்டவில்லை.

"கார் வேண்டாம், ரயிலில் போங்கள்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சின்ன வயதிலிருந்து என்னை டொமினிக் என்றுதான் கூப்பிடுவாள். அன்று சிரித்துக்கொண்டே கேட்டாள்:

"இதுல எப்படி ஏறுறது, அண்ணே?"

திறந்த வாயை மூடிக்கொண்டேன். உள்ளே போய் முக்காலியை எடுத்துவந்து போட்டேன். ஏறினாள். இறங்கும்போதும் வேண்டுமே என்று அதை அவள் காலடியிலேயே வைத்துக் கதவைச் சாத்தினேன். ரப்பர் தோட்டத்து வளைவில் கார் புரண்டது, இருவரும் அங்கேயே போய்விட்டார்கள் என்று சாயங்காலம் கேள்விப்பட்டேன்.

இருவரையும் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் வஞ்சம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வஞ்சம் இருந்தால், அண்ணே என்று கூப்பிட்டவளுக்கு முக்காலி எடுத்துப் போட்டிருப்பேனா?