சாம்பல் புதனுக்குப் பிறகு மடித்த பொட்டலங்கள்

பொட்டலம் மடிப்பதில் எனக்கு இணை கிடையாது, இன்ஸ்பெக்டர் மேடம். வெள்ளைத்தாளை நான்காக வெட்டி, நடுவில் பால்சர்க்கரைப் பொடி வைத்து, இரண்டு ஓரத்தையும் உள்ளே தள்ளி மடித்தால் பையில் போட்டுக் குலுக்கினாலும் ஒரு துளி சிந்தாது. மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தவளுக்குக் கை அப்படி நேராகத்தான் வரும்.

என் கணவர் ராஜநாயகம் சாந்தோமில் இருபத்தெட்டு வருடமாக ஹோமியோபதி டாக்டர். முன்னறையில் கிளினிக். அவர் சீட்டு எழுதுவார், உள்ளறையில் நான் பொடியில் மருந்துச் சொட்டு விட்டு மடித்துக் கொடுப்பேன். தும்மலுக்கும் மூக்கொழுகலுக்கும் பெரும்பாலும் வெங்காயத்திலிருந்து எடுக்கிற மருந்துதான். வெங்காயம் உரித்தால் கண்ணும் மூக்கும் ஒழுகுகிறதல்லவா, அதனால் ஒழுகும் மூக்குக்கு அதுவே மருந்து என்பார். ஒவ்வொரு நோயாளிக்கும் புதிதாகச் சொல்வதுபோல் ஆசையாகச் சொல்வார்.

முன்பெல்லாம் மார்கழிப் பனி இறங்கியதும் எங்கள் வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, போன வருடம் ஒரு வாரம் முழுக்க யாருமே வரவில்லை. தினமும் குளித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, ஒன்பது மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து வாசலையே பார்ப்பார். சாப்பாட்டைப் பாதியில் ஒதுக்கினார். பிறகு அதையும் நிறுத்தினார். ஒரு மதியம் பெயர்ப்பலகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

"இருபத்தெட்டு வருஷம் வெறும் சர்க்கரையா ஐரின் நான் கொடுத்தேன்?"

அதற்கு மேல் அந்த மனிதர் பிழைக்க மாட்டார் என்று எனக்குப் பட்டது. எனக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் ஒருவர்தான். அன்று நான் மடித்த பொட்டலம் கோணலாக வந்தது. அது எனக்குப் பொறுக்கவில்லை.

என் தங்கை ஜொவிட்டாவுக்கு மூட்டு வலிக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரை வீட்டில் மிச்சம் இருந்தது. இரண்டே நாளில் அவள் எழுந்து நடந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒன்றைக் கல்வத்தில் பொடித்துச் சர்க்கரையோடு கலந்தேன். நிறம் மாறவில்லை. தீர்ந்ததும் தேனாம்பேட்டையில் ஒரு கடை, நந்தனத்தில் ஒரு கடை, அசோக் நகரில் ஒரு கடை என்று மாற்றி மாற்றி வாங்கினேன். என்னைப் பார்த்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், மேடம். நீங்களே முதலில் எனக்கு நாற்காலி போட்டீர்கள்.

கூட்டம் திரும்பியது. அவர் பெயர்ப்பலகையை மறுபடி மாட்டினார், இரண்டு வேளை நன்றாகச் சாப்பிட்டார், பாட்டுக்கூட முணுமுணுத்தார். நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்க மாட்டேன்.

தமிழ்நிலா நவம்பரில் வந்தாள். ஒன்பது வயது. அவள் அம்மா தேவானை எங்கள் தெருவில் நாலு வீட்டில் வேலை செய்கிறவள். அரசாங்கம் ஆற்றோரக் குடிசையை எடுத்துவிட்டு அவர்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகும் பஸ் பிடித்து வருவாள். பனிக்காலம் வந்தால் பிள்ளைக்கு விடாத தும்மல், பிறகு இழுப்பு. எங்கள் பொடி சாப்பிட்ட மூன்றாம் நாள் நின்றுவிட்டது. போகி அன்று ஊரே புகையாக இருந்தபோதும் அவள் மூச்சு சீராக இருந்தது. ஜனவரியில் தேவானை பிள்ளையின் முகத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"டாக்டரு கை ராசியான கைம்மா. எப்டி கன்னம் வெச்சிக்கினு கீது பாரு கொயந்த."

அந்தக் கன்னம் ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த தாளை வரி விடாமல் படித்திருந்தேன். நெடுநாள் சாப்பிட்டால் முகம் வீங்கும் என்று அதில் இருந்தது. திடீரென நிறுத்தக்கூடாது, உயிருக்கு ஆபத்து என்பதும் இருந்தது.

ஆனால் மனசு உறுத்தியது. நான் பக்தியுள்ளவள். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு முழங்காலில் நின்றபோது முடிவு செய்தேன். மற்றவர்கள் தவக்காலத்துக்கு இறைச்சியை விடுவார்கள், காப்பியை விடுவார்கள். நான் என் பாவத்தை விடுகிறேன், பாஸ்கா வரை, ஈஸ்டர் வரை, ஒரு மாத்திரையும் பொடிக்க மாட்டேன் என்று ஆண்டவரிடம் வார்த்தை கொடுத்தேன். அன்று மாலையிலிருந்து எல்லாப் பொட்டலத்திலும் என் கணவருடைய மருந்து மட்டும்தான். மனசு லேசாகிவிட்டது.

பத்தாம் நாள் தேவானை பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"நிக்க சொல்லோ கீய உய்ந்துடுதும்மா. துன்னதெல்லாம் வாந்தி. வெறும் உப்ப அள்ளி அள்ளித் துன்னுது. இன்னான்னே தெர்ல."

அவர் பரிசோதித்துவிட்டுப் புன்னகைத்தார். மருந்து உள்ளே கிடக்கும் நோயை வெளியே தள்ளும்போது முதலில் இப்படிக் கூடத்தான் செய்யும், நல்ல அடையாளம், பொறுங்கள் என்றார். அவருடைய சாஸ்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது. அவர் மேல் தப்பில்லை. மூன்று நாளைக்குச் சீட்டு எழுதி உள்ளே அனுப்பினார்.

தையல் பெட்டியில் ஒரு அட்டை மாத்திரை மிச்சம் இருந்தது. கை எட்டும் தூரம்தான். ஒரு மாத்திரை கலந்திருக்கலாம். இல்லையென்றால் தேவானையின் காதில், ஓடு, ஆஸ்பத்திரியில் ஸ்டீராய்டு என்று சொல் என ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். சொன்னால் முன்னறையில் அவருக்குக் கேட்கும். கலந்தால் வாக்கு முறியும். தையல் பெட்டியை மூடினேன். பிறகு மூன்று பொட்டலம் மடித்தேன், நேராகவே.

மறுநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஆஸ்பத்திரியில், இதுவரை என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டார்களாம். இங்கிலீஷ் மருந்து எதுவும் கொடுக்கவில்லை, வெறும் சர்க்கரைப் பொடிதான் என்று தேவானை சத்தியம் செய்திருக்கிறாள். மாலைக்குள் பிள்ளை போய்விட்டது. அரிசி டின்னில் அவள் பத்திரமாக வைத்திருந்த ஜனவரிப் பொட்டலம் இரண்டைத்தான் நீங்கள் சோதனைக்கு அனுப்பினீர்கள்.

பொடியில் ஸ்டீராய்டு இருந்ததாகச் சோதனை முடிவு வந்த அன்று அவர் என்னிடம் கேட்டார்.

"அந்தப் பொட்டலத்துல என்ன இருந்துச்சு ஐரின்?"

"உங்க மருந்துதாங்க," என்றேன். நம்பினார். இப்போதும் நம்புகிறார். அதை மட்டும் கெடுக்காதீர்கள், உங்கள் காலில் விழுகிறேன்.

மற்றபடி எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். கலந்தது நான். நிறுத்தியது நான். தமிழ்நிலா சாகப்போகிறாள் என்று தெரிந்தே மடித்ததும் நான். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள், மேடம்: பாஸ்கா வரை அந்த அட்டையை நான் தொடவே இல்லை. அத்தனை சோதனையிலும் தவக்காலத்தை ஒரு நாள்கூட முறிக்கவில்லை.