நடுவுல ஒரு எ

இல்ல சிஸ்டர், டாக்டரைக் கூப்பிட வேண்டாம். உங்ககிட்டதான் கேக்கணும். அவர் வெளிய வந்து என்கிட்ட பேசினப்ப, டிரேயைப் பிடிச்சுக்கிட்டு பக்கத்துலதானே நின்னீங்க? தேர் இஸ் லிட்டில் ஹோப்னு சொன்னாரா, தேர் இஸ் எ லிட்டில் ஹோப்னு சொன்னாரா? நடுவுல ஒரு எ வந்துச்சா இல்லையா, அவ்ளோதான்.

ரெண்டும் ஒண்ணு இல்ல சிஸ்டர். வீட்டுல எ லிட்டில் பால் இருக்குன்னா காபி போட்டுடலாம். வெறும் லிட்டில்தான்னா பாத்திரத்தைக் கழுவிக் கவுத்து வைக்க வேண்டியதுதான். எ இருந்தா என் வீட்டுக்காரர் கண்ணு முழிக்க வழி இருக்கு. இல்லேன்னா... அதான் கேக்கறேன்.

மாஸ்க் போட்டிருந்தாரே, அதுக்குள்ள அமுங்கிப் போயிருக்கும்ல? வேகமா வேற பேசறார். இஸ்ஸுக்கும் லிட்டிலுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டா எ எங்க வெளிய கேக்கும். ஞாபகம் இல்லையா? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

என் மாமியார் இருக்காங்களே, என்ன சொன்னார்னு என்னைத்தான் கேட்டாங்க. அவங்களுக்கு இங்கிலீஷ் வராது. கொஞ்சம் நம்பிக்கை இருக்காம் அத்தைன்னு சொல்லிட்டேன். லிஃப்ட் ரிப்பேர் பண்ணப் போன பிள்ளை குழிக்குள்ள விழுந்துட்டான்னு கேட்டதுலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படாம கிடந்தவங்க, சட்டுனு எழுந்து முகத்தைத் துடைச்சுக்கிட்டு கேன்டீனுக்குப் போயிருக்காங்க. அவனுக்கும் ஒரு டீ சொல்லட்டுமா, எழுந்தா கேப்பானேங்கறாங்க. நான் என்னன்னு சொல்றது, நீங்களே சொல்லுங்க.

எனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்னா, நான் இங்கிலீஷ் டீச்சர். எட்டாங்கிளாஸ். வீட்டுல உக்காந்துதான் பேப்பர் திருத்துவேன். எ-வை விட்டவனுக்கெல்லாம் சிவப்பு மையில சுழிச்சு மார்க்கைப் பிடுங்கிடுவேன். இவர் வேலை முடிஞ்சு வந்து, கிரீஸ் கையோட எட்டிப் பாத்து, பாவம்டி, ஒத்த எழுத்துதானே, போட்டு விடேன்னு கெஞ்சுவார். ஒரு தடவைகூட நான் போட்டு விட்டதில்ல.

டாக்டர் சொன்னது எனக்கு நல்லாவே கேட்டுச்சு சிஸ்டர். எ இல்ல.

அதோ, அத்தை வராங்க. மூணு டீ வாங்கிட்டுதான் வராங்க. உங்களைக் கேட்டாங்கன்னா கொஞ்சம் இருக்குன்னே சொல்லுங்க. ஒத்த எழுத்துதானே சிஸ்டர், போட்டு விடுங்க.