முப்பத்தேழாவது பெயருக்குக் குண்டம் இறங்கியது யார்

இன்று 22-1-1984 ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, வெண்ணந்தூரை அடுத்த எங்கள் தோட்டத்து வீட்டு வாசலில் இருந்தவர்கள்: கோர்ட்டார் நியமித்த கமிஷனர், வக்கீல் திரு. தங்கசாமி. என் வக்கீல் திரு. வெள்ளியங்கிரி. எதிர்த் தரப்பான இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல். எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் பூசாரி சின்னண்ணன், கோயில் நோட்டுடன். என் கணவர். மோர் கொடுக்க வந்து, கொடுத்த பிறகும் போகாமல் நின்றுகொண்ட என் சித்தப்பா மகள் அத்தாயி. வேறு யாரும் இல்லை.

என் பெயர் சௌந்திரம். வயது 43. கணவர் பெயர் கைலாசம். ராசிபுரம் தாலுகா, சேலம் ஜில்லா. தொழில் என்ற இடத்தில் கமிஷனர் ஐயா "இல்லை" என்று எழுதப் போனார். வீட்டு வேலையும் இரண்டு எருமையும் என்று எழுதச் சொன்னேன், எழுதினார். நான் பள்ளிக்கூடம் போனதில்லை. பஞ்சாங்கத்தையும் மளிகைக்கடைப் பொட்டலத்தையும் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தவள். பிறர் எழுதினால் என் பேச்சு வேறாகிவிடும் என்பதால், என் கையாலேயே எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். கமிஷனர் ஐயா சம்மதித்தார். இன்று இங்கே நடந்ததையும் நடக்க நடக்கச் சேர்த்தே எழுதுகிறேன்.

1980-ல் என் கணவருக்கு டைபாய்டு காய்ச்சல் வந்து இருபத்தொரு நாள் படுத்திருந்தார். அவர் பிழைத்தால் மூன்று வருடம் குண்டம் இறங்குவதாக மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன். குண்டம் இறங்குவது என்றால் எட்டு நாள் விரதம் இருந்து, கையில் காப்புக் கட்டி, நெருப்பில் நடப்பது. அவர் பிழைத்தார். 1981-லும் 1982-லும் பங்குனி மாதம் நான் இறங்கினேன். என் கணவர் கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு சாமி இல்லை என்று மேடையில் பேசுகிறவர். அந்த இரண்டு வருடமும் அவர் கோயில் பக்கம் வரவில்லை.

அதன் பிறகு 10-9-1982 வெள்ளிக்கிழமை காலை, வெண்ணெய் விற்பதற்காக ராசிபுரம் போக வெண்ணந்தூர் நிறுத்தத்தில் பஸ் ஏறினேன். என் இடது கால் படியில் இருந்தது, வலது கால் தரையில் இருந்தது. விசில் ஊதும் முன் டிரைவர் வண்டியை எடுத்தார். நான் விழுந்தேன், பின் சக்கரம் வலது முட்டியின் மேல் ஏறி நின்றது. வண்டியைப் பின்னால் எடு என்றும் முன்னால் எடு என்றும் ஆளுக்கு ஒன்றாகக் கத்தியதில், சக்கரம் முட்டியின் மேலேயே சற்று நேரம் இருந்தது. வெண்ணெய்த் தூக்கு உருண்டு சாக்கடையில் போனது எனக்குத் தெரிந்தது. அதன் பிறகு தெரியவில்லை.

சேலம் ஆஸ்பத்திரியில் 47 நாள் இருந்தேன். கட்டுப் பிரித்தபோது முட்டி மடங்கவில்லை. எலும்பு கூடியும் உள்ளே சதை ஒட்டிக்கொண்டது என்றும், திறந்து அதைப் பிரித்துவிட்டால் மடங்கும் என்றும், அதை விபத்து நடந்த இரண்டு வருடத்துக்குள் செய்ய வேண்டும், தள்ளிப்போனால் பிறகு திறந்தும் பயனில்லை என்றும் டாக்டர் சொன்னார். அதற்கு ஆறாயிரம் ரூபாய் ஆகும். எங்களிடம் இல்லை.

அதன் பிறகு 1983 தை மாதம் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து, ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் நோட்டுகளைக் கட்டிலின் மேல் வைத்து ஒரு காகிதத்தை நீட்டினார். "கையெழுத்து வேணாங்க, ரேகை போதும்" என்றார். நான் காகிதத்தை வாங்கிப் படித்தேன். நான் படித்து முடிக்கும்வரை அவர் மூன்று முறை மணி பார்த்தார். இனி எக்காலத்திலும் எதுவும் கேட்பதில்லை என்று அதில் இருந்தது. "எக்காலத்திலும்னா முட்டி மடங்கற காலம் வரைக்குமுங்களா?" என்று கேட்டேன். அவர் பணத்தை எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு ராசிபுரம் போய் வக்கீல் வெள்ளியங்கிரி அவர்களைப் பார்த்தேன். எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. காலுக்குப் பணம் வாங்கினால் அம்மன் கொடுத்த காலை விற்றதாக ஆகாதா என்று அவரைக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "காலுக்கு வெலை போட இந்த நாட்டுல ஆள் கெடையாதும்மா. அந்தக் கால் செஞ்சுட்டு இருந்த வேலைக்குத்தான் போடறோம். ஆஸ்பத்திரிச் செலவு தனி. பட்ட வேதனைக்குத் தனி. இனிமே செய்ய முடியாததுக்குத் தனி. நீங்க என்னென்ன செஞ்சீங்க, சொல்லுங்க" என்றார். நான் ஒன்றும் செய்யவில்லை, சும்மா வீட்டில்தான் இருந்தேன் என்றேன். "சும்மா இருந்ததையே சொல்லுங்க" என்றார்.

சொல்லத் தொடங்கினேன். விடியலில் இரண்டு எருமைக்கும் குத்துக்காலிட்டுப் பால் கறப்பது. கிணற்றில் பதினாறு குடம் இறைப்பது. சாணி அள்ளுவது. அடுப்பின் முன் உட்கார்ந்து ஆறு பேருக்குச் சமைப்பது, நடவு நாளில் இருபது பேருக்கு. கடலைக்காய் உரிப்பது. கோலம் போடுவது. காலைக்கடனுக்குக் காட்டில் உட்காருவது. அம்மன் முன் விழுந்து கும்பிடுவது. சொல்லிக்கொண்டே போனபோது, இதில் முட்டி மடக்காமல் செய்வது ஒன்றுகூட இல்லை என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. என் வேலையில் பாதியைச் செய்ய வைத்திருந்த பழனியம்மாளுக்குச் சாப்பாடு போக மாதம் தொண்ணூறு ரூபாய் கொடுத்து வந்தோம். ஒரு எருமை பழனியம்மாளின் கைக்குப் பால் விடாமல் வற்றிப் போனது. எல்லாம் எழுதிக்கொண்டு, மொத்தம் இருபத்தெட்டாயிரம் கேட்டு மனுப் போட்டோம். மாட்டு வண்டியில் வீட்டுக்கு வரும்போது சும்மா இருந்தவள் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு 30-3-1983 புதன்கிழமை எங்கள் ஊர்க் குண்டம். நான் வண்டியில் போய்க் கோயில் மதிலோரம் பெஞ்சில் வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். நான் இறங்கவில்லை. ஆனால் என் மூன்றாம் வருட வேண்டுதல் அன்று தீர்ந்தது. என் பெயருக்கு இறங்கியவர் யார் என்று எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்வதில்லை என்று அவருக்கு மஞ்சள் தொட்டுச் சத்தியம் செய்து கொடுத்தேன்.

அதன் பிறகு ஐப்பசியில் கம்பெனி பதில் மனுப் போட்டது. கோயில் நோட்டின் நகல் ஒன்றை அதனுடன் வைத்திருந்தார்கள். அந்த வருடம் குண்டத்துக்குக் காணிக்கை கட்டியவர்கள் பட்டியலில் முப்பத்தேழாவது பெயர் "சௌந்திரம், க/பெ கைலாசம்" என்று இருந்தது. விபத்து நடந்த ஏழாம் மாதம் நெருப்பில் நடந்தவளுக்கு ஊனம் ஏது, அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டு மோசடி செய்கிறாள் என்று எழுதியிருந்தார்கள். என் வக்கீல் என்னிடம், "ஒரே ஒரு பேரு சொல்லும்மா, கேஸ் முடிஞ்சுது" என்றார். "சத்தியம் பண்ணியிருக்கறனுங்க" என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். சேலம் கோர்ட்டு மாடியில் இருப்பதாலும் என்னால் படி ஏற முடியாததாலும், கமிஷனர் ஐயா வீட்டுக்கே வந்து விசாரிக்க என் வக்கீல் உத்தரவு வாங்கினார்.

இன்றைய விசாரணையில் கம்பெனி வக்கீல் முதலில் அந்த நகலைக் காட்டி, "இது உங்க பேர்தானேம்மா?" என்றார்.

"ஆமாங்க."

"அப்ப நடந்தது நீங்கதானே?"

"இந்த முட்டியோட நடந்திருந்தா குண்டத்துலயே வெந்து போயிருப்பனுங்க. உங்களுக்கு இந்த அலைச்சலே இருந்திருக்காது" என்றேன். கமிஷனர் ஐயா மோர் குடிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதன் பிறகு நகலைக் கையில் கேட்டு வாங்கினேன். கம்பெனிக்காரர்கள் முப்பத்தேழாவது வரியை மட்டும் சிவப்பு மையில் கோடிட்டிருந்தார்கள். நான் முதல் வரியிலிருந்து படித்தேன். பன்னிரண்டாவது பெயர் ராசாத்தி, த/பெ சின்னுசாமி. "இந்த ராசாத்தியும் குண்டம் எறங்குனாளுங்களா?" என்று கேட்டேன். பட்டியலில் இருக்கிறதே, இறங்கியிருப்பாள் என்றார் வக்கீல். "அவளுக்கு அன்னைக்கு மூணு மாசமுங்க. தலையே நிக்கலை. அவ அப்பன்தான் எறங்குனாருங்க" என்றேன். அத்தாயி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். இருபத்தொன்பதாவது பெயர் குப்பாயி. அவள் இறந்து அப்போது ஒன்றரை வருடம். அவளுடைய மகன் பச்சமுத்துதான் தாயின் வேண்டுதலைத் தீர்த்தான். கருமாதிக்கு நானே போயிருந்தேன் என்று சொன்னேன்.

கமிஷனர் ஐயா பூசாரி சின்னண்ணனைக் கேட்டார். அவர் மூல நோட்டைப் பிரித்து வைத்து, "வேண்டுதல் யாரோடதுன்னுதான் நோட்டுல எழுதறதுங்க சாமி. எறங்கறது ஆருன்னு அம்மனுக்குத் தெரியும். நாங்க எழுதறதில்லீங்க" என்றார்.

கம்பெனி வக்கீல் நகலைத் திரும்ப வாங்கி மடித்துப் பையில் வைத்தார். அதன் பிறகு, "சரிம்மா. கொழந்தைக்கு அப்பன். செத்தவங்களுக்கு மகன். உங்களுக்கு யாரு?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டார், சொல்லவில்லை. என் வக்கீல் என்னையே பார்த்தார். பூசாரி தரையைப் பார்த்தார். மடங்காத கால் மட்டும் எல்லோர் முன்னாலும் நீண்டு கிடந்தது. நான் பேசாவிட்டால் ஆறாயிரமும் போகும், மோசடிக்காரி என்ற பேரும் நிற்கும் என்று தெரிந்தேதான் இருந்தேன். "சாட்சி பதில் சொல்ல மறுக்கிறார்னு பதிவு பண்ணிக்குங்க சார்" என்றார் கம்பெனி வக்கீல்.

அப்போது கட்டிலில் உட்கார்ந்திருந்த என் கணவர் எழுந்தார். "எழுதாதீங்க சார். முப்பத்தேழு நான்தானுங்க" என்றார்.

கம்பெனி வக்கீல் சிரித்துவிட்டார். "ஏனுங்க கைலாசம், ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுல சாமி இல்லைன்னு மைக் புடிச்சுப் பேசற ஆளு நீங்கதானே?"

"ஆமாங்க. போன வாரங்கூடப் பேசுனேன்."

"அப்புறம் எப்படி?"

"சாமி இல்லீங்க. என்ற சம்சாரம் இருக்குதுங்களே" என்றார் என் கணவர். "எனக்கு வந்த காச்சலுக்கு இவ வெச்ச வேண்டுதல். மூணுல ஒன்னு பாக்கின்னு சோறு திங்காம கெடந்தா. எனக்கு நம்பிக்கை இல்லைங்கறதுக்காக இவ பாக்கிக்காரியா இருக்கோணுமா? அதான் எறங்குனேன். இவ பேர்ல எழுதுன்னு பூசாரிகிட்டச் சொன்னேன். கட்சிக்காரனுக்குத் தெரிஞ்சா மானம் போகும்னு சத்தியம் வாங்குனேன். போவுது, இன்னிக்குப் போகட்டும்."

அத்தாயி சும்மா இருக்கவில்லை. "அப்ப பங்குனியில காலு வெந்தது, வெல்லப்பாகு கொட்டிருச்சுன்னீங்களே மாமா?"

"பாகுதான் புள்ள."

"கரும்பு ஆலை ஓட்டறது தை மாசத்தோட முடிஞ்சுதே. எந்த ஊருப் பாகு மாமா அது?"

என் வக்கீல் சத்தமாகச் சிரித்தார். என் கணவர் வலது பாதத்தைத் தூக்கிக் கட்டிலின் மேல் வைத்து, கட்டை விரலுக்கு அடியில் இருந்த தழும்பைக் காட்டினார். கமிஷனர் ஐயா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

புருஷன் பொண்டாட்டிக்காகப் பொய் சொல்லலாம் என்று கம்பெனி வக்கீல் ஆட்சேபித்தார். கமிஷனர் ஐயா பூசாரியைத் தனியே வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போய்க் கேட்டார். கைலாசம் எட்டு நாளும் ஒரு வேளை மட்டும் உண்டார் என்றும், அவர் கையில் தானே காப்புக் கட்டியதாகவும், தலையில் மஞ்சள் துணியை முக்காடாகப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் இறங்கினார் என்றும் பூசாரி சொன்னதாகப் பதிவாகியுள்ளது. அதன் பிறகு கமிஷனர் ஐயா என்னைக் குத்துக்காலிட்டு உட்காரச் சொன்னார். நான் முயன்றேன். வலது கால் நேராக நீட்டி நின்றது, அத்தாயி பிடிக்காவிட்டால் விழுந்திருப்பேன். டாக்டர் சர்டிபிகேட்டில் உள்ள நாற்பத்தைந்து சதவீத ஊனத்துடன் இதையும் குறித்தார்கள். கம்பெனி வக்கீல், குண்டம் பற்றிய ஆட்சேபணையையும் மோசடி என்ற சொல்லையும் கம்பெனி கைவிடுகிறது என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுதியதை வாங்கி நான் இரண்டு முறை படித்தேன். பிறகு அவருக்கு அத்தாயி இன்னொரு செம்பு மோர் கொடுத்தாள்.

நேரம் பகல் இரண்டு மணி. என் கணவர் தாமே வாய் திறந்து சொன்னதால் அவருக்குக் கொடுத்த சத்தியம் கெடவில்லை என்று நம்புகிறேன். அன்று மதிலோரம் உட்கார்ந்து நான் கண்டது அவரைத்தான். முக்காடு போட்டிருந்தாலும் அவர் நடை எனக்குத் தெரியும்.

மேலே உள்ளதில் நான் கண்டது, கேட்டது, பட்டது தவிர வேறொன்றும் எழுதவில்லை. எல்லாவற்றையும் படித்துப் பார்த்து, இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தி, அங்கே சுருக்கொப்பம் போட்டிருக்கிறேன். எவ்வளவு கொடுப்பது என்பதைக் கோர்ட்டார் முடிவு செய்யட்டும். டாக்டர் சொன்ன இரண்டு வருடம் வருகிற செப்டம்பர் பத்தாம் தேதியோடு முடிகிறது. ஆகவே பதிலைச் சீக்கிரம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

(கையொப்பம்) சௌந்திரம்