அந்தக் கோணிய மட்டும் அவுக்காத

அந்தக் கோணிய மட்டும் அவுக்காத தம்பி. மத்தத பாரு மொதல்ல. பீரோ, கட்டில், கிரைண்டரு, அந்த ரெண்டு பிளாஸ்டிக் சேரு, எல்லாம் எடுத்துக்க. பீரோ கதவு கொஞ்சம் முண்டும். மேல ஒரு தட்டு தட்னா தொறந்துக்கும். நீ குடுக்கறத குடு, நான் பேரம் பேசப் போறதில்ல.

ஏன் எல்லாத்தையும் தள்றேன்னு கேக்குறியா? நாங்க தண்ணி மேல குடி போறோம். சிரிக்காத, நெசமாத்தான். எங்க வூட்டுக்காரு கல்யாண சமையல் மாஸ்டரு. ஆலப்புழைல போட்டுலயே ரூமு, அடுப்பு, கக்கூசு எல்லாம் கட்டி டூரிஸ்ட்டுங்கள ஏத்திக்கினு சுத்துவாங்களே, அதுல அவருக்கு சமையல் வேல. எனக்கு ரூமு பெருக்கி பெட்ஷீட் மாத்தற வேல. பின்னாடி எங்களுக்குன்னு ஒரு ரூமு. ரூமுன்னா, கால நீட்னா செவுத்துல இடிக்கும். எலி வளையானாலும் தனி வளைன்னு அவரு ஒத்துக்கினாரு. ஓனரம்மா போன்ல கறாரா சொல்லிட்டாங்க, ஆளுக்கு ஒரு பேக்கு, அதுக்கு மேல ஒரு கரண்டி கூட ஏத்தக்கூடாதுன்னு.

நாளைக்கு சாயந்தரம் விழுப்புரத்துல ரயிலு. அங்க எங்க மவ வூடு இருக்குது, சொல்லிட்டு வரேன்னு அவரு காலைலயே பூட்டாரு. மூணு மணி பஸ்ஸுல வந்துடுவாரு. அவரு வர்றதுக்குள்ள எனக்கு இந்த வேல முடியணும்.

இருபத்தாறு வருசக் குடித்தனத்த ரெண்டு பைல அடைக்கறதுன்னா சும்மாவா? மிக்சிய மவளுக்கு குடுத்தாச்சு. கல்யாண போட்டோவ பிரேம கழட்டிட்டு, படத்த மட்டும் பொடவ மடிப்புல வெச்சேன். நேத்து வெச்சத இன்னிக்கு எடுத்துப் போடறேன். எடுத்துப் போட்டத திரும்ப வெக்கறேன்.

பாரு, மறுபடியும் கோணியாண்டயே நிக்குற. தட்டி வேற பாக்குற. ஆமா, பித்தளதான். அண்டா. நூறு பேருக்கு கூழு காச்சலாம். ஆனா அது எங்க வூட்டு அண்டா இல்ல தம்பி.

எங்க தெரு பொம்பளைங்க பன்னெண்டு பேரு சேந்து வாங்கனது. ஆடி மாசம் மாரியம்மனுக்கு கேப்பைக் கூழு ஊத்துவோம், அதுக்கு. சமையல்காரரு வூடாச்சேன்னு எங்க வூட்ல வெச்சாங்க. தெருவுல யாருக்கு விசேசம்னாலும் என்கிட்ட கேட்டு எடுத்துக்கினு போயி, திருப்பி என் கைல குடுத்துடணும். அப்ப எதுத்த வூட்ல பாஞ்சாலின்னு ஒருத்தி இருந்தா. செங்க சூளைல வேல, புருசன் இல்ல. பொண்ணுக்கு மஞ்சத்தண்ணி ஊத்தறப்போ எடுத்துக்கினு போனா. ஆச்சு, பதினோரு வருசம். ஆடி பொறந்து பாத்தா அண்டாவ காணோம். குடுத்துட்டேனேக்கான்னு அவ சொல்றா. எங்கடி குடுத்த, வந்து கட்டிலுக்கு கீழ பாரு, வெறுந்தரைன்னு நான் கத்தறேன்.

பேச்சு முத்திப் போயி, அந்த அமாவாசைக்கு வேன் வெச்சுக்கினு தெருவே மேல்மலையனூருக்கு பூட்டோம். அங்காளம்மன் சன்னிதி எதுர்ல கற்பூரம் கொளுத்தி, எரியறத கையால அடிச்சு அணைச்சு சத்தியம் பண்ணணும். அண்டா என் கைக்கு வரவே இல்லன்னு நான் ஒரே அடி. உள்ளங்கை பொத்துக்கிச்சு, பாரு, தழும்பு இன்னும் இருக்குது. பாஞ்சாலியும் கைய தூக்கனா. தூக்கனவ அப்டியே நின்னுட்டா. அக்காவே இவ்ளோ உறுதியா அடிக்கறாங்கன்னா, விசேச பேஜார்ல நாந்தான் எங்கனா வுட்டுட்டனோன்னு அழுவறா. சந்தேகத்த வெச்சுக்கினு சாமி எதுர்ல அடிக்க மாட்டேன்ட்டா. தெருவுக்கு அது போதாதா? திருடின்னு முடிவு பண்ணிட்டாங்க.

அப்பறம் காதுல கெடந்த கம்மல வித்து, புது அண்டா வாங்கியாந்து கோயில்ல எறக்கனா. அதே மாசம் வூட்ட காலி பண்ணிக்கினு கிளியனூருக்கு, அவ அண்ணன் வூட்டாண்ட பூட்டா. இன்னிக்கும் அவ வாங்கன அண்டாலதான் கூழு காச்சறாங்க. வருசா வருசம் மொத ஆளா சொம்ப நீட்டறது நாந்தான்.

ஆமாம்பா. கோணில இருக்கறது பழைய அண்டாதான். அப்டி பாக்காத. அவ திருப்பிக் குடுத்துட்டுத்தான் போயிருக்கா. அன்னிக்கு நான் என் தம்பி கல்யாணத்துக்கு ஜல்தியா கெளம்பிக்கினு இருந்தேன். வாங்கி பரண் மேல தள்ளி, பழைய பாய மேல போட்டுட்டு ஓடிட்டேன். மறந்தே பூட்டேன். கற்பூரம் அடிச்ச அன்னிக்கு எனக்கு ஞாபகமே இல்ல, சத்தியமா. பாரு, மறுபடியும் சத்தியம்ங்கறேன், இந்த வாய ஒதைக்கணும். போன வாரம் காலி பண்றதுக்காக பரண் ஏறனேன். பாய தூக்கனா, ஒக்காந்துக்கினு இருக்குது.

முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கலாம். ஆளுக்கு ஒரு பேக்குல அண்டாவ எங்க மறைக்கறது? அதுவுமில்லாம, பொய் சத்தியம் பண்ணவள தண்ணி தாங்குமா? நான் முழுவறது போவட்டும். கூட ஏர்ற புள்ளகுட்டிங்க என்னா பாவம் பண்ணிச்சு? கண்ண மூடனா அதே நெனப்பு.

திண்டிவனத்துல பழைய சாமான் வாங்க ஆளா இல்ல? மார்க்கெட்டாண்ட உன் வண்டிய பாத்தேன், பின்னாடி கிளியனூருன்னு எழுதியிருந்துது. அதான் நம்பர எழுதிக்கினு வந்தேன். பாஞ்சாலிய தெரியுமா உனக்கு? தெரியுமா! ரோட்டோரம் மல்லாக்கொட்டை வேவ வெச்சு விக்கறாளா? பொண்ணுக்கு கல்யாணம் ஆயிடுச்சா? நல்லது, நல்லது. அவ காதுல என்னா போட்டுக்கினு இருக்கா? நல்லா பாத்து சொல்லு. வேப்பங்குச்சியா? இன்னுமா?

இரு தம்பி. ஒரு மொடக்கு தண்ணி குடிச்சிக்கறேன்.

நான் வர்ல. அவ மூஞ்சிய பாக்கற தைரியம் எனக்கு கெடையாது. வெக்கங்கெட்டவன்னு நெனச்சிக்க, பரவால்ல. அவ வாசல்ல எறக்கி வெச்சிட்டு போயிடு. யாரு குடுத்தாங்கன்னு சொல்லாத.

என்னா சொல்ற? ஐயோ, ஆமா. சொல்லாம வெச்சா, இத்தினி வருசமும் அவ வூட்லதான் இருந்துதும்பாங்க. ரெண்டாவது தடவயும் அவளையே திருடி ஆக்கிடுவேன் போலருக்குதே.

போன்லயா? பேசிக் குடுத்தா அவகிட்ட போட்டுக் காட்டுவியா? அவளுக்கு மட்டும் வேணாம், அவ பொண்ணுக்கும் போட்டுக் காட்டு. ஆடிக்கு இந்த அண்டாவ தூக்கினு வந்து கோயில் எதுர்ல வெச்சு, தெருவே கேக்கற மாதிரி போடச் சொல்லு. நான் அப்ப தண்ணி மேல இருப்பேன். தப்பிச்சிட்டான்னு காறித் துப்பட்டும். தப்பிச்சுதான் போறேன்.

பேசட்டுமா? ஓடுதா?

பாஞ்சாலி, எதுத்த வூட்டு காந்திமதி பேசறேண்டி. நீ அண்டாவ என் கைலதான் குடுத்த. எங்க வூட்டு பரண்லதான் இருந்துது. போன வாரம் கெடச்சுதுன்னு இந்தத் தம்பிகிட்ட சொன்னேன். அதுவும் பொய்யி. மலையனூருக்கு போய் வந்த எட்டாம் நாளே கெடச்சுடுச்சு. பாய தூக்கிப் பாத்தேன், பாத்துட்டு திரும்பி மூடிட்டேன். எறங்கி வாசலுக்கு வந்தா, எதுர்ல நீ கோலம் போட்டுக்கினு இருந்த. அன்னிக்கு உன் காதுல கம்மல் இருந்துதுடி.