பதினொரு சாரி

— பதினொரு சாரி! பதினொரு சாரி வாங்கியிருக்கார் என்ட மனிசன், நீங்க என்னெண்டா ஒண்டும் தெரியாதாம்...

— புள்ள, கொஞ்சம் மெதுவா...

— என்ன மெதுவா? வீட்டுக்கு ஒரு சாரி வரல்ல. ஆருக்குப் போன சாரி? அந்தப் பொம்பளைட விலாசத்தத் தாங்க, நான் போய்ப் பாத்துக்கொள்றன்.

— நான் செல்றதக் கேளுகா முதல்ல! உன்ட மனிசன நான் கண்டதுமில்ல, அவருக்குச் சாரி வித்ததுமில்ல.

— கண்டிருக்க மாட்டீங்க. போன்ல வாங்கியிருப்பார். அவர் குளிக்கப் போன நேரம் வங்கி மெசேஜெல்லாத்தையும் என்ட போன்ல படம் புடிச்சு வச்சிருக்கன். இந்தா பாருங்க. ‘உம்மு குல்தூம் கைத்தறிச் சாரி, காத்தான்குடி.’ பதினொரு மெசேஜ். வாசல்ல போர்டப் பாத்துப்போட்டுத்தான் உள்ளுக்கு வந்த நான்.

— கட என்டதான். பேரும் என்டதான்.

— அப்ப பொய் சொல்லாதீங்க. களுதாவளையில இருந்து பஸ் ஏறி வாறன். நெத்தியில கோயில் திருநீறு இன்னும் இருக்கு.

— கோயிலுக்குப் போய்ட்டு வந்தா இந்தப் பேச்சுப் பேசுறாய்? போகாட்டி என்னய அடிச்சிருப்பாய் போல.

— அடிக்க வரல்ல ராத்தா. எனக்குத் தீவாளிக்கு அவர் எடுத்துத் தந்தது ஒரேயொரு சாரி. ரெண்டாம் தரம் தோய்க்கக்குள்ள சாயம் போன சாரி. அவளுக்கு மட்டும் பதினொண்டு!

— சாயம் போனதா? அது என்ட கடையில எடுத்ததில்ல. அத மட்டும் செல்லிட்டன். ஸாதியா! இஞ்ச வா மகள், இவவுக்குத் தண்ணி கொண்டா.

— தண்ணி வேணாம். விலாசம்.

— என்ன உம்மா சத்தம்? மூணு கடை தள்ளிக் கேக்குது.

— இவட மனிசன் நம்மட கடையில பதினொரு சாரி எடுத்தாராம், மகள்.

— அக்கா, பேர் என்ன உங்கட?

— யசோதினி. அவர் பிரதீஸ். கச்சேரியில அரசாங்கக் கிளாக்கர்.

— இந்தாங்க தண்ணி. போன ஒருக்காத் தாங்க, பாப்பம். ...உம்மா, இதுல அஞ்சு மெசேஜ் ஒரே நாள். போன வெள்ளிக்கிழமை. பன்னெண்டே முக்கால்ல தொடங்கி ஒரு மணிக்குள்ள அஞ்சு.

— வெள்ளிக்கிழம பன்னெண்டே முக்காலா? றப்பே! ஜும்ஆத் தொழுகை நேரம்கா அது! அந்நேரம் காத்தான்குடியில ஒரு ஊசி வாங்கேலுமா? முப்பது வருசமா அந்நேரம் இந்தக் கடக் கதவு தொறந்ததில்ல.

— போன்ல வாங்குறவருக்கு உங்கட கதவு தொறந்தா என்ன, பூட்டினா என்ன?

— போன்ல வந்தாலும் சாரிய மடிச்சி, பொதி கட்டி, மேல பேர் எழுதுறது இந்தக் கைதான். பிரதீஸெண்டு ஒரு பேர நான் எழுதல்ல. வல்லாஹி எழுதல்ல.

— உம்மா... அஸாம் நானா.

— அஸாமுக்கு என்ன?

— அவர்ட கம்பனிக்குத்தானே நம்மட கடைப் பேருல கார்ட்டால காசு எடுக்கிற வசதியப் பாவிக்கக் குடுத்தீங்க?

— ஓம், குடுத்தன். மச்சிட மகன், வேத்தாளா? கொழும்புல கம்பனி தொறந்திரிக்கான், போன்ல புள்ளைகள் விளையாடுற விளையாட்டு விக்கிறானாம். புதுக் கம்பனியெண்டு வங்கி கார்ட் வசதி குடுக்கச் சுணங்குதாம். “மாமி, கொஞ்ச நாளைக்கி உங்கட பேருல போகட்டும், மாசாமாசம் உங்களுக்கு ஒரு பங்கு” எண்டான். உன்ட வாப்பா மவுத்தான பொறகு நாலு தறி சும்மா கிடந்துது. அவன் நீட்டின தாளுல ஒப்பம் வச்சன்.

— நான் அண்டைக்கே கேட்டன், என்ன விளையாட்டு எண்டு.

— நீ சட்டம் படிக்கிறவள். சோத்துக் கோப்பையக் கண்டாலும் கேள்வி கேப்பாய்.

— சரி, இப்பவும் கேக்கன். அவர் அனுப்பின லிங்க் என்ட போன்ல கிடக்கு. ரெண்டு பேரும் கிட்ட வாங்க.

— என்னது இது, சில்லு ஒண்டு சுத்துது? நல்ல வடிவாத்தான் இரிக்கி.

— காசு கட்டினாத்தான் சுத்தும் உம்மா. நம்பர் விழுந்தாக் காசு, விழாட்டிப் போச்சு. இப்ப காசு கட்டுற இடத்த அமத்துறன்... அக்கா, என்ன எழுதியிருக்கு? நீங்களே வாசியுங்க.

— ‘உம்மு குல்தூம் கைத்தறிச் சாரி.’

— சூதா? மகள், சூதா இது?

— சூதுதான். சூதெண்டு பேர் போட்டா வங்கி விடாது. அதால ஆள் ஒவ்வொரு தரம் காசு கட்டக்குள்ளயும் உங்கட சாரி எண்டு போடுறாங்க.

— யா அல்லாஹ்! அந்தப் பங்குக் காசுலதானே நோன்பு முப்பது நாளும் பள்ளிக்குக் கஞ்சி குடுத்தன்! ஊரே அதுல நோன்பு தொறந்துதே! உன்ட வாப்பாட பேர செல்லிக் குடுத்தனே புள்ள!

— கஞ்சிய விடுங்க உம்மா. வங்கியோட நீங்க எழுதின பத்திரத்துல இரிக்கு, சொந்தச் சாமான் வித்த காசு மட்டும்தான் இதால வரலாம், வேற ஆர்ர வியாபாரமும் வரப்படா எண்டு. அதுல அஸாம் நானாட ஒப்பம் இல்ல, உங்கட ஒப்பம். கண்டு புடிச்சா கார்ட் வசதிய நிப்பாட்டுவாங்க. பேரையும் பட்டியல்ல போட்டாங்களெண்டா மறுகா வேற வங்கியும் தராது. அதுவும் சின்னது. பொலிஸ் வந்து இது ஆர்ர காசு, எங்க போச்சு எண்டு கேட்டா, பங்கு எடுத்தவதான் பதில் சொல்லணும்.

— எனக்குத் தெரியாதெண்டு செல்றன்!

— கேக்காம ஒப்பம் வச்சவ தெரியாதெண்டு சொன்னா, கோட்டுல நம்புவாங்களா?

— நில்லு, நில்லு. யசோதினி, இஞ்ச பார். பதினொரு சாரிதானே? இந்தா அலுமாரி. தெரிஞ்சி எடு. இது அறுபதாம் நம்பர் மெல்லிசு நூல், கையில புடிச்சிப் பார். பதினொண்டையும் கொண்டு போ. மெசேஜும் உண்மையாகும், நீயும் மனிசனோட சண்ட புடிக்கத் தேவயில்ல...

— உம்மா!

— நான் அவவோட கதைக்கன்.

— இவ்வளவு நாளும் தெரியாமச் செஞ்சீங்க. இந்தச் சாரியக் குடுத்தா, தெரிஞ்சு செஞ்சதாப் போகும்.

— எனக்குச் சாரி வேணாம் ராத்தா. அலுமாரியப் பூட்டுங்க.

— ...ஓம்கா. பூட்டுறன். இப்லீஸ் சைத்தான் ஒரு நிமிசம் என்ட வாயில வந்து குந்திட்டான். இப்ப என்ன செய்ற மகள்? செல்லு, நீ செல்றதக் கேக்கன்.

— வங்கி மூடுறத்துக்கு முதல் போறம். கார்ட் வசதிய நாங்களே நிப்பாட்டச் சொல்லிக் கடிதம் குடுக்கம். இதான் நடந்தது, அஸாம் நானாதான் கேட்டு வந்தவர், நாங்க எடுத்த பங்கு இவ்வளவு எண்டு ஒண்டையும் ஒளிக்காம எழுதுவம். தப்புவமோ தெரியா உம்மா. ஆனா அவங்க வந்து கேக்கிறதுக்கும் நாங்க போய்ச் சொல்றதுக்கும் வித்தியாசம் இரிக்கு. யசோதினி அக்கா, உங்கட போன்ல இரிக்கிற படங்கள் வேணும். மனிசன்ட பேர வேணுமெண்டா மறைச்சுத் தாங்க.

— மறைக்கத் தேவையில்ல. பேரோட எடுங்க.

— மெய்யாவா அக்கா?

— ஓம், எடுங்க தங்கச்சி.

— கேட்டியா மகள்? மனிசியெண்டா இவ மனிசி. புள்ள யசோதினி, வேற பொம்பளையெண்டா வீட்டுக்குள்ள கிடந்து அழுதிருப்பா. நீ பஸ் ஏறி வந்து என்னய ஏசினாய். அந்த ஏச்சிக்கி அல்ஹம்துலில்லாஹ்! நீ வராட்டி அடுத்த நோன்புக்கும் அந்தக் கஞ்சியத்தான் காய்ச்சியிரிப்பன். அஞ்சு நேரத் தொழுகையிலயும் உன்ட பேர செல்லி துஆக் கேப்பன்.

— பெரிய வார்த்தையெல்லாம் வேணாம் ராத்தா. நானும் கொஞ்சம் கூடக் கத்திப்போட்டன்.

— கத்தினது காணாதுகா! இப்ப என்ன முகம் வாடிக் கிடக்கு? தண்ணியும் அப்பிடியே இரிக்கி. சிரி கொஞ்சம். உனக்கும் நல்ல செய்திதானே! உன்ட மனிசனுக்கு வேற பொம்பள இல்ல!

— ஓம். இல்ல.

— மறுகா என்ன? அதுக்கு உங்கட கோயில்ல ஒரு தேங்காயாச்சும் உடைக்க வேணாமா?

— உடைச்சுப்போட்டுத்தான் வந்த நான், ராத்தா. மூணு வருசத்துக்கு முதல் இதே மாதிரிச் சூதுல எங்கட வட்டை வயல் காணி ரெண்டு ஏக்கரும் போச்சு. இனித் தொட மாட்டன் எண்டு பிள்ளையாருக்கு முன்னால கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணினவர். இண்டைக்கு விடிய அந்த மெசேஜில சாரி எண்டு கண்டதும், நான் ஓடிப் போய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சன், வெறும் பொம்பளைதானே, சூது இல்லையே எண்டு.