ஹாலில் பட்டுப்புழுத் தட்டு

திருப்பதி மருத்துவமனையில் இருக்கும் மகனுக்கு மாற்றுத்துணி எடுத்துவர, குப்பம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். இரண்டு நாளாக யார் பேசியதும் மனதில் ஏறவில்லை. "செவுரு பூரா பட்டுப்புழு தட்டை மாட்டிடலாம்யா" என்று பின்சீட்டில் ஒரு பெண் சொன்னதும்தான் காது அந்தப் பக்கம் போயிற்று. ராமகுப்பத்துக் கணவன் மனைவி. காதில் மெஷின் வைத்த சின்ன மகள் தாயின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"புது ஊட்டு ஹால்லயா? டைல்ஸ் போட்டு மூணு மாசம் ஆவல. வர்றவன் சிரிக்க மாட்டானா?"

"சிரிக்கட்டும். அந்த ஹால்ல கூப்பிட்டா பாப்பா நாலு பக்கமும் சுத்திப் பாக்கறா. மொட்ட செவுருல சத்தம் மோதி மோதி கலங்கிப் போவுதுன்னு காது சென்டர் டீச்சரம்மா சொன்னாங்க இல்ல? நம்ம புழு வளக்கற ஷெட்டுல கூப்பிட்டுப் பாரு, ஒரே வாட்டில திரும்பறா."

"அங்க எங்க பாத்தாலும் மூங்கில் தட்டு, தழை, கோணி."

"அதத்தான் நானும் சொல்லிக்கினு வரேன். சத்தம் மோதாம அதுலயே அடங்கிடுது. செவுத்துல தட்டு மாட்டு, கீழ ஜமுக்காளம் போடு, ஜன்னலுக்கு கனமா துணி கட்டு."

"அப்புறம் புழுவையும் இட்டாந்து ஹால்லயே குடி வெச்சிடு."

அவள் சிரித்தாள். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எல்லாம் செஞ்சிட்டு, அப்பவும் திரும்பலன்னா இன்னாமே செய்யறது?"

"கிட்ட போயி கூப்பிடுவோம். நாம இன்னா தூரத்துலயா இருக்கப்போறோம்?"